செர்பியக் கால்பந்தின் இளம் கழுகுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கழுகுகள்' என்று அழைக்கப்படும் செர்பியக் கால்பந்து அணியை விடாமல் பார்ப்பவன் என்று தெரிந்ததிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதில் உள்ளவை 2025 கடைசி வரையிலான விவரங்கள்.

செர்பியா என்ற பெயரில் எப்போதிலிருந்து ஆடுகிறார்கள்?

2006-லிருந்து. பழைய யூகோஸ்லாவியா 90-களின் தொடக்கத்தில் உடைந்தபோது மிஞ்சி நின்ற செர்பியாவும் மான்டிநெக்ரோவும் 2003 வரை யூகோஸ்லாவியா என்ற பெயரிலேயே ஆடின. அப்புறம் மூன்று வருடம் 'செர்பியா மற்றும் மான்டிநெக்ரோ'. அதுவும் 2006-ல் பிரிந்தது. பிரிந்த நேரம்தான் கொடுமை, ஏனென்றால் அந்த வருட உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் நாடு இரண்டாகிவிட்டது, ஆனால் தகுதி பெற்றிருந்தது பழைய அணி, அதனால் இல்லாமல் போன ஒரு நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜெர்மனிக்குப் போய் அர்ஜென்டினாவிடம் 6-0 என்று தோற்றார்கள். தேயான் ஸ்டான்கோவிச் 1998, 2006, 2010 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளில் மூன்று வெவ்வேறு பெயருள்ள நாடுகளுக்காக ஆடியவர். அவர் மகனைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

66 லட்சம் பேர் உள்ள நாட்டிலிருந்து எப்படி இத்தனை வீரர்கள் வருகிறார்கள்?

கிளப்புகள்தான் காரணம். தலைநகர் பெல்கிரேடின் இரண்டு பெரிய கிளப்புகளான ரெட் ஸ்டாரும் பார்ட்டிசானும் 1945-ல் தொடங்கப்பட்டவை. இரண்டுமே சின்ன வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வளர்க்கும் பழக்கத்தை எந்த ஆட்சியிலும் விடவில்லை. இவர்கள் இருவரும் மோதுவதை அங்கே 'நிரந்தர டெர்பி' என்கிறார்கள், அதில் ஆடும் 17 வயதுப் பையன் ஒரே ராத்திரியில் ஊரறிந்த ஆளாகிவிடுவான். நோவி சாத் நகரின் வொய்வொதினா, பெல்கிரேடிலேயே இருக்கும் சுகாரிச்கி, ஓஎஃப்கே, வடக்கே பாச்கா தொபொலா ஊரின் டிஎஸ்சி என்று இரண்டாம் வரிசையிலும் நல்ல பயிற்சிப் பள்ளிகள் உண்டு.

இன்னொரு காரணம் பணம். டிவி ஒளிபரப்பிலிருந்து வரும் வருமானம் அங்கே சொற்பம். வீரர்களை விற்றால்தான் கிளப் ஓடும். விற்க வேண்டுமென்றால் ஆடவிட்டுக் காட்ட வேண்டும். அதனால் இங்கிலாந்திலோ இத்தாலியிலோ 21 வயதில் கிடைக்கும் வாய்ப்பு பெல்கிரேடில் 16, 17-லேயே கிடைக்கிறது. துஷான் வ்லாஹோவிச் பார்ட்டிசானுக்காக முதன்முதலில் இறங்கியபோது வயது 16. லூகா யோவிச் ரெட் ஸ்டாருக்காக முதல் கோல் போட்டதும் 16 வயதில்தான், அந்தக் கிளப்பின் மிக இளம் கோல் சாதனையை தேயான் ஸ்டான்கோவிச்சிடமிருந்து பறித்தார். லீக் விதியிலும் 'போனஸ் வீரர்' என்று ஒரு ஏற்பாடு உண்டு, ஒவ்வொரு அணியும் உள்ளூர் இளைஞருக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும் என்பது அதன் சாரம்.

2015-ல் என்ன நடந்தது, ஏன் எல்லோரும் அதையே பேசுகிறார்கள்?

நியூசிலாந்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை செர்பியா வென்றது. சும்மா வெல்லவில்லை. முதல் மேட்சில் உருகுவேயிடம் 1-0 தோல்வி. அப்புறம் மாலி, மெக்சிகோ இரண்டையும் தலா 2-0 என்று அடித்து மேலே வந்தார்கள். அதற்குமேல் நாக்அவுட்டில் ஆடிய நான்கு மேட்சும் 90 நிமிடத்தில் முடியவில்லை. ஹங்கேரியோடு கூடுதல் நேரம், அமெரிக்காவோடு பெனால்டி, அரையிறுதியில் மறுபடி மாலியோடு கூடுதல் நேரம், இறுதிப் போட்டியில் பிரேசிலோடும் கூடுதல் நேரம். மூன்று வாரத்தில் அந்தப் பையன்கள் ஓடிய ஓட்டத்தை நினைத்தாலே மூச்சு வாங்கும்.

ஆக்லாந்து, ஜூன் 20. மாந்திச் ஒரு கோல் போட, மூன்றே நிமிடத்தில் பிரேசிலின் ஆந்த்ரேயாஸ் பெரேரா சமன் செய்தார். 118-வது நிமிடம் வரைக்கும் 1-1. இரண்டு பக்கமும் கால் பின்ன, எல்லோரும் மனதளவில் பெனால்டிக்குத் தயாராகிவிட்ட நேரம். அப்போது ஆந்திரியா ஷிவ்கோவிச் பந்தைக் கொண்டுபோய், பிரேசில் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன இடைவெளியில் தள்ளிவிட்டார். அதை நோக்கி ஓடியவர் நெமான்யா மாக்சிமோவிச், ஒரு மிட்ஃபீல்டர். இரண்டு மணி நேரம் ஆடியபிறகு அந்த இடத்துக்கு ஓடி வர வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். கோல்கீப்பரைத் தாண்டிப் பந்தை உருட்டிவிட்டார். 2-1. அந்த கோலை இன்றைக்கும் போட்டுப் பார்ப்பேன், இதுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணவில்லை.

அந்த அணியில் கேப்டனாகவும் கோல்கீப்பராகவும் நின்றவர் பிரெத்ராக் ராய்கோவிச், தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்குத்தான். செர்கே மிலின்கோவிச்-சாவிச், மார்கோ க்ரூயிச், மியாத் காச்சினோவிச் எல்லோரும் அந்தக் கூட்டம். பயிற்சியாளர் பெயர் வெல்கோ பாவுனோவிச். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2013-ல், 19 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையையும் பிரான்ஸை 1-0 என்று வென்று வாங்கியிருந்தார்கள். அதில் சிறந்த வீரர் அலெக்சாண்டர் மித்ரோவிச். இன்னும் பின்னால் போனால் 1987-ல் சிலேயில் நடந்த இளையோர் உலகக் கோப்பையை ஷூகர், போபான், ப்ரொசினெச்கி, மியாதோவிச் இருந்த யூகோஸ்லாவியா அணி வென்றது. 1991-ல் ரெட் ஸ்டார் ஐரோப்பியக் கோப்பையையே தூக்கியது, பாரி நகரில், மார்செய் அணியைப் பெனால்டியில் வீழ்த்தி. திறமை அங்கே திடீரென்று முளைத்தது இல்லை.

அப்படியென்றால் பெரியவர்கள் அணி ஏன் எப்போதும் முதல் சுற்றிலேயே வெளியே வருகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் என்று சொல்லலாம். 2006, 2010, 2018, 2022 என்று நான்கு உலகக் கோப்பைகள், நான்கிலும் குரூப்பிலேயே வெளியேற்றம். 2010-ல் ஜெர்மனியை 1-0 என்று தோற்கடித்துவிட்டு, கானாவிடமும் ஆஸ்திரேலியாவிடமும் தோற்றார்கள். 2000-க்குப் பிறகு முதன்முறையாக 2024-ல் ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவுக்குப் போனபோது மூன்று மேட்சில் போட்டது ஒரே ஒரு கோல், அதுவும் ஸ்லோவேனியாவுக்கு எதிராக 95-வது நிமிடத்தில் யோவிச் தலையால் முட்டியது.

திறமை போதவில்லை என்று சொல்பவர்களை நான் ஏற்க மாட்டேன். 2022-ல் கேமரூனோடு நடந்த மேட்சைப் பாருங்கள். முதலில் ஒரு கோல் வாங்கினார்கள். இடைவேளைக்குச் சற்று முன்னால் தாதிச் தூக்கிப் போட்ட ஃப்ரீ கிக்கை பாவ்லோவிச் முட்டி கோலாக்கினார். அடுத்த இரண்டு நிமிடத்தில் மிலின்கோவிச்-சாவிச் இன்னொன்று. இடைவேளைக்குப் பின் மித்ரோவிச் ஒன்று, அது பாஸ் பாஸாகக் கோத்துப் போட்ட அழகான கோல். 3-1. ஆட்டம் முடிந்தது என்று யாருமே நினைப்பார்கள். ஆனால் முன்னிலையில் இருக்கும் அணி, தடுப்பாட்ட வரிசையைக் கிட்டத்தட்ட நடுக்கோடு வரைக்கும் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றது. பின்னால் மைதானம் காலி. அபூபக்கர் ஓடிப்போய்க் கோல்கீப்பர் தலைக்கு மேல் பந்தைக் கோரி விட்டார். ஆஃப்சைடு என்று எல்லோரும் நினைத்து நின்றார்கள், விஏஆர் என்ற வீடியோ மறுபரிசீலனையில் பார்த்து கோல் கொடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடத்தில் அதே மாதிரி இன்னொரு ஓட்டம், இன்னொரு கோல். 3-3. நான் அன்று சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டுவிட்டேன்.

ஒரு மேட்சை எப்படி அடைகாப்பது என்பது பதினொரு பேரும் சேர்ந்து பழகிப் பழகி வருவது. செர்பியாவில் அந்தப் பழக்கம் படிவதற்குள் பயிற்சியாளர் மாறிவிடுவார், இல்லையென்றால் கால்பந்துச் சங்கத்துக்குள் ஏதாவது தகராறு வந்துவிடும். மிலின்கோவிச்-சாவிச் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் லாட்சியோ கிளப்பில் ஐரோப்பாவே பேசும் அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை அப்போதைய பயிற்சியாளர் ஸ்லாவொல்யூப் முஸ்லின் 2018 தகுதிச்சுற்றில் எடுக்கவே இல்லை. தன் ஆட்டமுறைக்கு அவர் பொருந்தவில்லை என்பது முஸ்லின் கட்சி. கடைசியில் என்ன ஆனது? குரூப்பில் முதலிடம் பிடித்து உலகக் கோப்பைக்கு அணியைக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே மாதம் முஸ்லினை அனுப்பிவிட்டார்கள். முஸ்லின் செய்ததும் தப்பு, அவரை அப்படி அனுப்பியதும் தப்பு. உலகக் கோப்பைக்கு எட்டு மாதம் இருக்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்களா?

இல்லை. இங்கிலாந்து, அல்பேனியா, லாத்வியா, அன்டோரா இருந்த குரூப்பில் மூன்றாவது. 2025 செப்டம்பரில் பெல்கிரேடிலேயே இங்கிலாந்திடம் 5-0. அடுத்த மாதம் லெஸ்கொவாட்ஸ் ஊரில் அல்பேனியாவிடம் 1-0. இந்த இரண்டாவது தோல்விதான் அங்குள்ளவர்களுக்கு அதிகம் வலித்தது, ஏனென்றால் இரு நாட்டுக்கும் இடையிலுள்ள பழைய பகை கால்பந்தோடு நிற்பது இல்லை. 2021-லிருந்து பயிற்சியாளராக இருந்த த்ராகான் ஸ்டொய்கோவிச் அன்று இரவே பதவி விலகுவதாகச் சொன்னார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. லிஸ்பனில் போர்ச்சுகலை 90-வது நிமிட கோலில் வீழ்த்தி 2022 உலகக் கோப்பைக்குக் கத்தாருக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். ஆனால் கடைசி ஒரு வருடம் அணி எந்தத் திசையில் போகிறது என்றே புரியவில்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர் வெல்கோ பாவுனோவிச். ஆமாம், 2015-ல் ஆக்லாந்தில் கோப்பை தூக்கிய அதே ஆள். பத்து வருடம் அமெரிக்கா, இங்கிலாந்து, மெக்சிகோ, ஸ்பெயின் என்று சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறார். இளைஞர்களை நம்பி இறக்கத் தெரிந்தவர் என்பதால் எனக்குப் பெரிய நம்பிக்கை. அவருக்குக் குறைந்தது ஒரு முழுத் தகுதிச்சுற்றாவது அவகாசம் கொடுக்க வேண்டும்.

நல்ல பையன்கள் எல்லோரும் ஏன் 18 வயது ஆனவுடனே கிளம்பிவிடுகிறார்கள்?

இது விதி சம்பந்தப்பட்டது, பலருக்குத் தெரியாது. 18 வயது நிரம்பாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்ற ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பது இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 வயதிலேயே மாறலாம். ஸ்லோவேனியா ஒன்றியத்தில் இருப்பதால் அந்நாட்டு வீரர் பெஞ்சமின் ஷெஷ்கோ 16 வயதில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போக முடிந்தது. செர்பியா ஒன்றியத்தில் இல்லை. அதனால் செர்பியப் பையன் 18-வது பிறந்தநாள் வரைக்கும் ஊரிலேயே இருந்தாக வேண்டும். வ்லாஹோவிச் 2017-லேயே இத்தாலியின் ஃபியொரென்டினாவோடு பேசி முடித்துவிட்டு, 2018 ஜனவரியில் வயது வரும்வரை காத்திருந்தார்.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால் அப்படியே தெரியும். கோஸ்டா நெதெல்கோவிச்சுக்கு 2023 டிசம்பரில் 18 ஆனது, 2024 ஜனவரியில் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா வாங்கிவிட்டது. ஆந்திரியா மாக்சிமோவிச்சும் வெல்கோ மிலோசாவ்லெவிச்சும் 2007 ஜூனில் பிறந்தவர்கள், இருவரும் ரெட் ஸ்டார் பையன்கள், 2025 கோடையில் ஒருவர் ஜெர்மனியின் லைப்சிக்குக்கும் மற்றவர் இங்கிலாந்தின் போர்ன்மவுத்துக்கும் போய்விட்டார்கள்.

ஒரு வகையில் இந்த விதி செர்பியாவுக்கு நல்லது என்றே நினைக்கிறேன். 16, 17 வயதில் பெரியவர்களோடு மோதி, ஐரோப்பியப் போட்டிகளில் ஆடி, ஐம்பதாயிரம் பேர் கத்துவதைக் கேட்டுப் பழகியபிறகு போகிறார்கள். கெட்டது அதற்கு அப்புறம்தான். 18 வயதில் பெரிய கிளப்புக்குப் போனவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு வருடம் வீண். நெதெல்கோவிச்சே வில்லாவில் இடம் கிடைக்காமல் லைப்சிக்குக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, போக வேண்டியிருந்தது. யோவிச் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒரே மேட்சில் ஐந்து கோல் போட்டவர், 2019-ல் ரியல் மாட்ரிட் போனபிறகு அவர் பழைய யோவிச்சாகத் திரும்பவே இல்லை.

சரி, யாரைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அலெக்சாண்டர் ஸ்டான்கோவிச். தேயானின் மகன், 2005-ல் மிலான் நகரில் பிறந்தவர், அந்த ஊரின் இன்டர் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். இவர் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இன்டர் பெஞ்சில் காத்திருக்காமல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் அணிக்கு லோனில் போய் ஒரு சீசன் முழுக்க ஆடினார், அப்புறம் 2025-ல் பெல்ஜியத்தின் க்ளப் ப்ரூஜுக்குப் போய் அங்கேயும் முதல் பதினொன்றில் இடம் பிடித்தார். தடுப்பாட்டத்துக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர். எதிராளி பாஸ் எங்கே வரும் என்று அரை நொடி முன்னாலேயே தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பார். அப்பாவைப் போல தூரத்திலிருந்து அடிக்கவும் வரும்.

ஆந்திரியா மாக்சிமோவிச், 10-ம் நம்பர் வகை ஆட்டக்காரர், அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று கோல் வாய்ப்புகளை உருவாக்குபவர். 2024-ல் 17 வயதிலேயே தேசிய அணிக்கு ஆடினார். பந்தை வாங்குவதற்கு முன் தோளைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்வார். அடுத்த முறை அவர் ஆடும்போது பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பாருங்கள், ஏன் இத்தனை பேர் அவரைத் தேடி வந்தார்கள் என்று புரியும்.

மிலோசாவ்லெவிச் சென்டர் பேக், அதாவது தடுப்பாட்ட வரிசையின் நடுவில் நிற்பவர். 18 வயதில் ப்ரீமியர் லீக்கில் சென்டர் பேக்காக நிற்பது அபூர்வம், அந்த இடத்தில் ஒரு தப்பு செய்தால் கோல். அவருக்கு அண்ணனைப் போல முன்னால் இருப்பவர் ஸ்ட்ராஹின்யா பாவ்லோவிச், 2001-ல் ஷாபாட்ஸ் ஊரில் பிறந்தவர், மிலான் அணிக்கு ஆடுகிறார், இடது காலாட்டக்காரர். பந்தைப் பறித்துக்கொண்டு ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி எதிரணிப் பக்கம் கிளம்பிவிடுவார், பார்க்க உற்சாகமாக இருக்கும், பின்னால் விட்ட இடத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இருவரும் சேர்ந்து நான்கைந்து வருடம் ஆடினால் கேமரூன் மேட்ச் போல ஒன்று மறுபடி நடக்காது என்பது என் கணிப்பு.

ஸ்ட்ரைக்கர்களில் வொய்வொதினாவில் வளர்ந்து ஸ்டுட்கார்ட் வாங்கிய யோவான் மிலோஷெவிச், சுகாரிச்கியிலிருந்து ஆண்டர்லெக்ட் போன மிஹாய்லோ ஸ்வெத்கோவிச் இருவரையும் குறித்துக்கொள்ளுங்கள். விங்கில் லாசார் யோவானோவிச், இவரும் ரெட் ஸ்டாரிலிருந்து ஸ்டுட்கார்ட். 2005-ல் பிறந்த டிஃபெண்டர் யான்-கார்லோ சிமிச், மிலானுக்கு ஆடிய முதல் லீக் மேட்சிலேயே கோல் போட்டவர், ஆண்டர்லெக்ட் போய், 2025-ல் சவூதியின் அல்-இத்திஹாத் போனார். 20 வயதில் அங்கே போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வெளிநாட்டில் பிறந்தவர்களும் ஆடுகிறார்களாமே?

ஆமாம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட செர்பியக் குடும்பங்கள் ஏராளம். லாசார் சமார்ஜிச் பெர்லினில் பிறந்து ஜெர்மனியின் இளையோர் அணிகளுக்கு ஆடிவிட்டு 2023-ல் செர்பியாவைத் தேர்ந்தெடுத்தார். உடினேஸே, அடலாண்டா என்று இத்தாலியில் ஆடி வருபவர், பந்து அவர் இடது காலில் ஒட்டிக்கொண்டே போகும். இவரைப் போன்றவர்களை முழு மனதோடு வரவேற்க வேண்டும், ஆடவிடாமல் பெஞ்சில் வைப்பதற்கு அழைக்கக் கூடாது.

ஜுவென்டஸில் இருக்கும் வசிலியே அட்ஜிச் செர்பியர்தானே?

இல்லை, மான்டிநெக்ரோ. யோவெதிச்சும் அப்படித்தான், பார்ட்டிசானில் ஆடியதால் குழப்பம். மோத்ரிச் குரோயேஷியா. பெயர் 'இச்' என்று முடிந்தால் செர்பியா என்று முடிவு கட்ட வேண்டாம்.

பெயர்களை எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: ஆங்கில எழுத்தில் 'ஜே' என்று தெரிவதை அவர்கள் 'ய' என்றே சொல்வார்கள். ஜோவிச் என்று சொல்லாமல் யோவிச் என்று சொல்லுங்கள். ரஜ்கோவிச் தப்பு, ராய்கோவிச் சரி. நம்மூர் கமென்ட்ரியில் இதைச் சரியாகக் கேட்டால் அன்றைக்கு எனக்கு சந்தோஷம்.

நம் நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1984 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றபோது பயிற்சியாளராக இருந்தவர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த சிரிச் மிலோவன். அவர் காலத்து ஆட்டத்தைப் பற்றி அந்தத் தலைமுறை இந்திய வீரர்கள் இன்றும் மரியாதையோடு பேசுவார்கள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

தேசிய அணியில் தொடங்காதீர்கள், ரெட் ஸ்டாரின் ஐரோப்பிய மேட்ச் ஒன்றில் தொடங்குங்கள், அதுவும் பெல்கிரேடில் நடப்பதாக இருக்கட்டும். அந்த மைதானத்தை ஊர்க்காரர்கள் மரக்கானா என்பார்கள். உடை மாற்றும் அறையிலிருந்து புல்தரைக்கு வர ஒரு நீண்ட சுரங்கப்பாதை, மேலே ரசிகர்கள் போடும் சத்தம் அந்தச் சுவர்களில் மோதிக்கொண்டே இருக்கும். அதற்குள்ளிருந்து வெளியே வரும் பதினொரு பேரில் யாருக்கு வயது குறைவு என்று பாருங்கள். 2025-ல் நான் பார்த்தபோது அது வசிலியே கோஸ்டோவ், 2008-ல் பிறந்த மிட்ஃபீல்டர். 2026-ல் அவருக்கும் 18 ஆகிறது, அதனால் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.